2017 தயாரிப்பு, 2018 பதிவு ஸ்விஃப்ட்: 4.90 கேட்கிறார், உண்மையில் என்ன பெறும்?

ரேடியல் ரோடு:

வணக்கம். மேடவாக்கத்துல ஒரு ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் பார்த்து வச்சிருக்கேன். டி.என். 22 பதிவு, சிங்கிள் ஓனர், மீட்டர்ல 48,000 கி.மீ. ஆர்.சி.யில தயாரிப்பு 12/2017, பதிவு 02/2018. நேரடி ஓனர், நடுவுல புரோக்கர் இல்லை. 4.90 லட்சம் சொல்றார், "உட்கார்ந்து பேசிக்கலாம்"ங்கறார்.

குழப்பம் விலையிலதான். மதிப்பு சொல்ற தளங்கள்ல போட்டா ஒண்ணு 3.95 காட்டுது, இன்னொண்ணு 4.80. விளம்பரங்கள்ல "2018 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. சென்னை"ன்னு தேடி எடுத்த விலைகள்: 4.05, 4.20, 4.25, 4.40, 4.75, 4.95, 5.10, 5.30. ஒரே வருஷம், ஒரே வேரியண்ட், ஒண்ணேகால் லட்சம் வித்தியாசம். ஓனர் இன்சூரன்ஸ் பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பைக் (ஐ.டி.வி.) காட்டி, "ஐ.டி.வி.யே 4.60 போட்டிருக்கான், அதுக்குக் கீழ எப்படித் தருவேன்"ங்கறார். ஆனா ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டப்போ 3.60தான் சொன்னாங்கன்னும் அவரே சொன்னார்.

டோக்கன் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த வண்டி என்ன பெறும்னு நானே கணக்குப் போட வழி சொல்லுங்க. தெரிஞ்ச மெக்கானிக் யாரும் இல்லை.

—

கணக்கு நோட்டு:

முதல் வேலை, வண்டியோட பின் கதவுக் கைப்பிடி எங்க இருக்குன்னு பாருங்க. கதவு நடுவுல வழக்கமான இடத்துல இருந்தா அது பழைய மாடல். ஜன்னல் ஓரமா, தூண்ல ஒளிஞ்ச மாதிரி மேல இருந்தா அடுத்த தலைமுறை. மூணாம் தலைமுறை ஸ்விஃப்ட் இங்க அறிமுகமானது 2018 பிப்ரவரி. உங்க வண்டி 2017 டிசம்பர்ல தயாரானது. அதனால அது முந்தின மாடலாத்தான் இருக்கணும். நீங்க பார்த்த ஒண்ணேகால் லட்சம் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். "2018 ஸ்விஃப்ட்"னு தேடினா ரெண்டு வேற வேற வண்டி ஒரே பட்டியல்ல வந்து நிக்குது.

வித்தியாசம் வெறும் தோற்றத்துல மட்டும் இல்லை. புது மாடல்ல எல்லா வேரியண்ட்லயும் ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். உண்டு. பழைய மாடல் வி.எக்ஸ்.ஐ.யில ஆப்ஷன் வேரியண்ட் எடுத்தாத்தான் அது வரும். ஸ்டீயரிங் நடுவுலயும் டேஷ்போர்டு இடது பக்கமும் ஏர்பேக் முத்திரை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா விலையில அது தெரியணும்.

இப்ப பட்டியலைப் பிரிங்க. விளம்பரப் படத்துல கைப்பிடியைப் பார்த்தாலே போதும். 4.05 முதல் 4.40 வரைக்கும் இருக்கறது பழைய மாடலாவும், 4.75-க்கு மேல இருக்கறது புது மாடலாவும் இருக்கும்னு நினைக்கிறேன். சரிபார்த்துக்கங்க. நாலு பழைய மாடலோட நடு விலை 4.22 சொச்சம். சராசரி எடுக்காதீங்க, நடு விலையை எடுங்க. ஒருத்தர் பேராசையில 5.50 போட்டா சராசரி மேல ஏறிடும், நடு விலை அசையாது. நாலு விளம்பரம் போதாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வரைக்கும் தேடி எட்டு பத்தாவது சேருங்க. கி.மீ. 35,000-லிருந்து 65,000-க்குள்ள, சிங்கிள் ஓனர் மட்டும். ஒரே விளம்பரம் ஒரு மாசத்துக்கு மேல கிடந்தா அந்த விலைக்கு ஆள் வரலைன்னு அர்த்தம், அதைத் தள்ளிடுங்க.

அப்புறம், விளம்பரத்துல இருக்கறது கேக்கற விலை. முடியற விலை வேற. நேரடி ஓனர் விற்பனையில 3-லிருந்து 5 சதவீதம் குறையறது சாதாரணம். 4.22-ல அதைக் கழிச்சா 4.00-லிருந்து 4.10-க்குள்ள. நல்ல கண்டிஷன்ல இருக்கற வண்டியோட நியாய விலை இதுதான்.

இதைச் சரிபார்க்க ரெண்டு எல்லை இருக்கு. கீழ் எல்லை எக்ஸ்சேஞ்ச் விலை. அதை ஓனரே உங்களுக்குச் சொல்லிட்டார், 3.60. மேல் எல்லை, டீலர் வாரண்டியோட விக்கற விலை. 3.60-க்கு வாங்கி 4.40-க்கு விக்கற டீலருக்கு 80,000 மார்ஜின். 2025 ஜனவரியிலிருந்து பழைய கார் டீலரோட மார்ஜினுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அந்த 80,000-க்குள்ளயே வரியும் அடங்கறதால 12,000 ரூபாய் அதுலயே போயிடும். மீதியில பாலிஷ், சர்வீஸ், வாரண்டி, கடை வாடகை, லாபம் எல்லாம் வரணும். தனி ஆள் விக்கறப்போ இந்தச் செலவு எதுவும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. அப்போ டீலர் விலையை அவர் கேக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் விலைக்குக் கொடுன்னு நீங்களும் கேக்க முடியாது. பேச்சு முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

ஓனர்கள் வழக்கமா சொல்ற இன்னொரு வாதம், "நான் ஆன்ரோடு இவ்வளவு கொடுத்து எடுத்தேன்". அந்தத் தொகைக்கும் இன்னிக்கு மதிப்புக்கும் சம்பந்தம் இல்லை. பழைய வண்டி விலையைத் தீர்மானிக்கறது இன்னிக்குப் புது வண்டி என்ன விலைங்கறதுதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து நாலு மீட்டருக்குள்ள, 1,200 சி.சி.க்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு வரி, செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதமா இருந்தது 18 ஆயிடுச்சு. ஷோரூம் விலையில கணக்குப் போட்டா சுமார் 8.5 சதவீதம் இறக்கம். புதுசு இறங்கினா பழசும் இறங்கும். அதுக்கு முன்னாடி பதிவான விற்பனை விலைகளை வச்சு மதிப்பு சொல்ற தளம் அதிகமாத்தான் காட்டும். உங்க 4.80-க்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இல்லைன்னா அந்தத் தளத்துல வருஷம் 2018-னு போட்டதும் புது மாடலா எடுத்திருக்கும். 2017-னு போட்டு மறுபடி பாருங்க.

—

அடையாறு 07:

ஐ.டி.வி. பற்றி மட்டும் சொல்கிறேன். அது சந்தை விலை அல்ல. வண்டி முழுதாக அழிந்தாலோ திருடுபோனாலோ காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் உச்சத் தொகை, அவ்வளவுதான். கணக்கிடும் முறை: ஷோரூம் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம் தேய்மானம். ஐந்து வருடத்துக்கு மேல் அட்டவணையே கிடையாது. நிறுவனமும் ஓனரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். புதுப்பிக்கும்போது கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.டி.வி.யை ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே 4.60 என்ற எண்ணை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார், வண்டி அதைப் பெறவில்லை.

இன்னொன்று. "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று சொல்லி அதற்கும் காசு கேட்பார்கள். நோ கிளெய்ம் போனஸ் ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது அல்ல. உச்சமாக 50 சதவீதம் வரை அவருக்குத் தள்ளுபடி இருந்திருக்கும். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது மீதி மாதங்களுக்கான அந்தத் தள்ளுபடித் தொகையை நிறுவனம் உங்களிடம் வசூலிக்கும். எந்த பாலிசி, எவ்வளவு போனஸ், இடையில் கிளெய்ம் உண்டா என்று பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருக்கும். போனஸ் திடீரென்று பூஜ்யம் அல்லது 20 ஆகியிருந்தால் சமீபத்தில் கிளெய்ம் நடந்திருக்கிறது. எதற்கென்று கேளுங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் 1,000 முதல் 1,500 சி.சி. காருக்கு வருடத்துக்கு 3,416 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதை ஒரு பெரிய சேர்ப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

—

ஸ்பேனர் 14:

கணக்கு நோட்டு சொன்ன 4.00–4.10 நல்ல வண்டிக்கு. நல்ல வண்டியான்னு பாக்கறதுக்கு நான் சொல்றேன்.

மேடவாக்கம்னதும் முதல்ல தண்ணி. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி நின்ன ஏரியா. உங்க வண்டி 2017, அதனால இந்த ரெண்டுல 2023-தான் கேள்வி. சர்வீஸ் ஹிஸ்டரியில 2023 டிசம்பர்லிருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் பெரிய பில் ஏதாவது இருக்கான்னு பாருங்க. சீட், கார்ப்பெட், வயரிங், இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்)னு ஐட்டம் இருந்தா விஷயம் முடிஞ்சது.

பில் இல்லைன்னாலும் வண்டியே சொல்லிடும். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, ரீல்ல இதுக்கு மேல வராதுன்னு நிக்கற வரைக்கும். தினசரி ஓட்டறப்போ வெளியே வராத அந்தக் கடைசி ஒண்ணரை அடியில பழுப்புக் கோடோ, காய்ஞ்ச சேறோ, பூஞ்சைப் புள்ளியோ இருந்தா தண்ணி அந்த உயரத்துக்கு ஏறியிருக்கு. சீட்டையும் கார்ப்பெட்டையும் ஷாம்பு போட்டுக் கழுவறவங்க இதைக் கழுவறதில்லை. பெல்ட் புதுசா இருந்தா அடியில தச்சிருக்கற துணி லேபிள்ல தேதி பாருங்க. வண்டியோட வருஷத்தோட ஒத்துப்போகணும். அடுத்து கதவு வாசல்ல இருக்கற பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கி, கார்ப்பெட்டுக்குக் கீழ இருக்கற பஞ்சுல விரலை விடுங்க. மேல காய்ஞ்சிருக்கும், பஞ்சு மாசக்கணக்குல ஈரமா இருக்கும், இல்லைன்னா மண் பொடியா உதிரும். சீட் ரெயில் போல்ட்ல துரு, ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டர்ல பச்சைப் படிவம், ஸ்டெப்னி குழியில வண்டல் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் கியர் கன்சோலுக்கு அடியில, தரையோட இருக்கும். கார்ப்பெட் அளவு தண்ணி வந்தாலே அதுக்குப் போகும். கனெக்டர்ல ஏறின ஈரம் உடனே காட்டாது, ஒரு வருஷம் கழிச்சு ஒவ்வொண்ணா வார்னிங் லைட் எரியும். இது நிச்சயமானா விலை பேசாதீங்க. எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது, வண்டி எங்கயாவது மோதி அடி பட்டிருக்கான்னு. பெயிண்ட் கனம் பாக்கற மீட்டர் கிடைச்சா வாங்கிக்கங்க, ரெண்டாயிரம் ரூபாய்ல இருந்து கிடைக்குது. முதல்ல கூரையில வச்சுப் பாருங்க, கூரையை யாரும் லேசுல பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. கம்பெனி பெயிண்ட் 80–140 மைக்ரான்ல நிக்கும். மத்த பேனல் அதை ஒட்டி வந்தா ஒரிஜினல். 200–300 வந்தா ரீபெயிண்ட். 500-க்கு மேல போனா அடியில பட்டி இருக்கு. பம்பர் பிளாஸ்டிக், அதுல வைக்காதீங்க. மீட்டர் இல்லைன்னா சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி வச்சுப் பாருங்க, பட்டி கனமா இருக்கற இடத்துல ஒட்டாது.

ரீபெயிண்ட்னு கேட்டதும் பயப்பட வேண்டாம். சென்னையில எட்டு வருஷம் ஓடின வண்டியில ரெண்டு பேனல் டச்சப் இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். எங்க அடி பட்டதுங்கறதுதான் விலை. கதவு, ஃபெண்டர், பானெட் எல்லாம் போல்ட் போட்டு மாத்தற பாகம். மாத்தியிருந்தா ஐயாயிரம் பத்தாயிரம் குறைச்சுக் கேக்கலாம், அவ்வளவுதான். ஏப்ரான் (இன்ஜின் அறையோட பக்கச் சுவர்), தூண், சேசிஸ் நீட்டு (அடியில நீளமா ஓடற சட்டம்), பின்பக்கத் தரை எல்லாம் வெல்டிங் பாகம். பானெட்டைத் தூக்கி ரெண்டு பக்க ஏப்ரானையும் ஒப்பிட்டுப் பாருங்க. கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில வட்டக் குழியா இருக்கும், சீலண்ட் மெஷின்ல போட்ட மாதிரி நேரா ஓடும். ஒரு பக்கம் குழி காணாமப் போயிருந்தா, சீலண்டை விரலால தடவி விட்டிருந்தா, அந்தப் பக்கம் வெட்டி ஒட்டியிருக்கு. கதவு பீடிங் ரப்பரைக் கையால உருவிட்டுத் தூணையும் அப்படியே பாருங்க. இது இருந்தா லட்ச ரூபாய் குறைஞ்சாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நீங்க திருப்பி விக்கறப்போ அடுத்தவரும் இதையேதான் பார்ப்பார்.

மீட்டர் திருப்பினதா? ஓனரைக் கூட்டிக்கிட்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் போங்க, பதிவு எண்ணை வச்சு ஒவ்வொரு சர்வீஸ் தேதியும் கி.மீ.யும் கம்ப்யூட்டர்ல எடுத்துடுவாங்க. வருஷத்துக்கு ஒரு வரியாவது இருக்கணும். பாதியில வெளி மெக்கானிக்குக்கு மாறியிருந்தா டயரைப் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், 4317-னா 2017-ம் வருஷம் 43-வது வாரம். டயர் பொதுவா 40,000–50,000 கி.மீ. வரும். 48,000 ஓடினதுக்கு முதல் செட் முடிஞ்சிருக்கணும், இல்லைன்னா ரெண்டாவது செட் புதுசா இருக்கணும். ரெண்டாவது செட்டும் தேஞ்சு நின்னா மீட்டரை நம்பாதீங்க. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு ஆயிருக்கா, ஸ்டீயரிங் 10–2 மணி இடத்துல பளபளக்குதான்னு கூடவே பாருங்க.

இன்ஜின் குளிர்ந்து இருக்கறப்போதான் ஸ்டார்ட் பண்ணணும். காலையில போய், வர்றதுக்கு முன்னாடி எடுக்காதீங்கன்னு சொல்லிடுங்க. சைலன்சர்ல நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுது. இந்த 1.2 இன்ஜின்ல டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. ஸ்டார்ட் ஆன முதல் நொடியைத் தாண்டியும் கரகரன்னு சத்தம் நிக்கலைன்னா செயின், டென்ஷனர் செலவு. கிளட்சுக்கு, மூணாவது கியர்ல மெதுவாப் போறப்போ ஆக்சிலேட்டரை அழுத்துங்க. இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் சத்தமெல்லாம் உள் தெரு ஸ்பீட் பிரேக்கர்லதான் கேக்கும், வழவழப்பான ரேடியல் ரோட்டுல கேக்காது.

ஏ.சி.யை மதியம் பாருங்க. பத்து நிமிஷம் உள்காற்றுச் சுழற்சியில விட்டு, நடு வென்ட்ல தெர்மாமீட்டர் வச்சா 8–12 டிகிரி வரணும். ஓடறப்போ குளிர்ந்து, சிக்னல்ல நின்னா வெதுவெதுன்னு ஆனா கோளாறு கண்டென்சர்லயோ அதோட ஃபேன்லயோ.

வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறுக் கோடு (எரர் கோட்) படிக்கற ஓ.பி.டி. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும், போன்ல இணைச்சுக்கலாம். கோடு இல்லைன்னு மட்டும் பார்த்து விடாதீங்க. கோடு அழிச்சப்புறம் ஓடின தூரம்னு ஒரு எண் பெரும்பாலான வண்டியில வரும். அது 10, 20 கி.மீ.யா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ அழிச்சிருக்காங்க.

—

ரேடியல் ரோடு:

எல்லாருக்கும் நன்றி. நேத்து போய்ப் பார்த்தேன். கைப்பிடி கதவுலயே இருக்கு, பழைய மாடல்தான். ஏர்பேக் இல்லை. சீட் பெல்ட் கடைசி வரைக்கும் சுத்தம், கார்ப்பெட் பஞ்சும் காய்ஞ்சிருக்கு. டயர் நாலும் 4417, தேய்மானம் காட்டற கட்டை தெரியுது. சர்வீஸ் ரெக்கார்டு வருஷா வருஷம் இருக்கு, கடைசி 46,200. இடது பின் கதவு 260 மைக்ரான், மத்ததெல்லாம் 100–120. தூணும் ஏப்ரானும் ஒரிஜினல். இன்சூரன்ஸ் ரெண்டு மாசம்தான் பாக்கி. ஆர்.சி.யில ஒரு வங்கிப் பேர் இருக்கு, கடன் முடிஞ்சதுங்கறார்.

இதே மாடல் இன்னொண்ணு பி.ஒய். பதிவுல 3.55-க்கு இருக்கு. அதைப் பாக்கலாமா?

—

அடையாறு 07:

புதுச்சேரி வண்டி 3.55 என்றால் அது 3.55 அல்ல. ஒரு மாநிலப் பதிவு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்றியாக வேண்டும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி, புது எண், புது நம்பர் பிளேட், அலைச்சல். வரி எவ்வளவு என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அந்தத் தொகையைக் கூட்டிய பிறகுதான் இரண்டையும் ஒப்பிட முடியும். டி.என். வண்டியில் ஆயுள் வரி கட்டியாகிவிட்டது.

வங்கிப் பெயர் ஆர்.சி.யில் இருக்கும்வரை வங்கியின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. கடன் முடிந்தாலும் பெயர் தானாகப் போகாது. வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து அவர்தான் நீக்க வேண்டும். அந்த என்.ஓ.சி.க்குப் பொதுவாக 90 நாள்தான் ஆயுள், பழையதை வைத்திருந்தால் மறுபடி வாங்க வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் ஹெச்.பி. (வங்கிக் கடன் பதிவு) நீங்கியதாகக் காட்டிய பிறகு பெரிய தொகையைக் கொடுங்கள். இ-சலான் பாக்கியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

—

கணக்கு நோட்டு:

நல்ல வண்டி, விட்டுடாதீங்க. டயர் 4417-ங்கறது வண்டியோட வந்த செட், அதுவே 48,000-க்குச் சாட்சி. ஆனா வயசுலயும் தேய்மானத்துலயும் நாலும் உடனே மாத்தணும். 165/80 ஆர்14 நாலுக்கும் 16,000–20,000 ஆகும். ஜி.பி. ரோட்டுல ரெண்டு கடையில விலை எழுதி வாங்கிட்டுப் போங்க, வாயால சொல்றதைவிட ரசீது பேசும்.

கழிக்கறதுல ஒரு நியாயம் வேணும். எல்லாச் செலவையும் கழிக்கக் கூடாது. எட்டு வருஷ வண்டியோட சந்தை விலையிலேயே ஓரளவு தேய்மானம் அடங்கியிருக்கு. சர்வீஸ், வைப்பர், சின்னக் கீறலுக்குக் கழிச்சா ஒரே குறையை ரெண்டு தடவை கழிச்ச மாதிரி. மத்த வண்டிகளைவிட இது எங்க மோசமோ அதை மட்டும் கழிங்க. மத்த விளம்பரங்கள்ல பெரும்பாலும் ரெண்டாவது செட் டயர் இருக்கும், அதனால டயர் 18,000 முழுசாக் கழியும். பின் கதவுக்கு 5,000. ஏர்பேக் இல்லாததுக்கு, பட்டியல்ல ஆப்ஷன் வேரியண்ட் எத்தனை கலந்திருக்குன்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி. சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருக்கறதுக்கு நீங்களும் அவருக்கு ஒரு 5,000 கூட்டிக் கொடுங்க, அது அவர் உழைச்சுக் காப்பாத்தின மதிப்பு.

4.05-ல இருந்து 18,000 போனா 3.87. கதவுக்குக் கழிக்கற 5,000-மும் ரெக்கார்டுக்குக் கூட்டற 5,000-மும் சரிக்குச் சரி. 3.70-ல ஆரம்பிங்க, 3.90-ஐத் தாண்டாதீங்க. அவருக்கு எக்ஸ்சேஞ்சைவிட 25,000–30,000 கூடக் கிடைக்குது, உங்களுக்கு டீலர் விலையைவிட அரை லட்சம் மிச்சம். 4.90-க்கு அவர் எடுத்துக் காட்டற விளம்பரமெல்லாம் புது மாடல்னா, போன்ல ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுக் கைப்பிடியைக் காட்டுங்க.

டோக்கன் பத்தாயிரத்துக்கு மேல வேண்டாம், யு.பி.ஐ.யில மட்டும். "ஹெச்.பி. நீக்கம் 30 நாளுக்குள்ள ஆகலைன்னா டோக்கன் முழுசாத் திருப்பித் தரப்படும்"னு பதிவு எண், சேசிஸ் எண்ணோட எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. மீதியைப் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல அவர் கையெழுத்து வாங்கற அன்னிக்குக் கொடுங்க. அவர் 14 நாளுக்குள்ளயும் நீங்க 30 நாளுக்குள்ளயும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். சாவி ரெண்டும் இருக்கான்னு அப்பவே எண்ணி வாங்கிக்கங்க, ஃபாஸ்டேக்கை அவர் பேர்ல மூடச் சொல்லிடுங்க.